கவாத்துக் காலம்

தை கழிந்து மாசி பிறக்கும் வேளையில் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்கள் சற்று ஓய்ந்து கிடக்கும். பழம் பறிப்பு முடிந்திருக்கும். களத்தில் உலர்ந்த கொட்டை மூட்டைகளாகி மலையிறங்கியிருக்கும். இனி அடுத்த பருவம் வரை தோட்டத்தில் வேலை இராது என்றே ஏற்காட்டுக்குப் புதிதாக வருவோர் எண்ணுவர். தோட்டத்தை அறிந்தவர்க்கோ ஆண்டின் மிக நுட்பமான பணி அப்போதுதான் தொடங்குகிறது. கத்தரியைக் கையிலேந்தி, ஒவ்வொரு செடியின் முன்னும் நின்று, சுற்றிப் பார்த்து, பிறகே வெட்டும் கவாத்துப் பணி அது.

அராபிகா வகைக் காப்பிச் செடி முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையிலேதான் பூத்துக் காய்க்கும். நிறையக் காய்த்து முடித்த கணுக்கள் மறுமுறை அவ்வளவு பயன் தருவதில்லை. ஆகவே காய்த்து ஓய்ந்த கிளையும், ஒன்றோடொன்று குறுக்கிட்டு உரசும் கிளையும், தண்டிலிருந்து செங்குத்தாகக் கிளம்பிச் செடியின் சாற்றையெல்லாம் குடித்துவிடும் தளிரும் நீக்கப்படுகின்றன. சென்ற ஆண்டு கொத்துக் கொத்தாகப் பழம் தந்த கிளையாயிற்றே என்று கை தயங்கினால், இரண்டொரு ஆண்டில் செடி புதராகிவிடும். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியை அறிமுகம் செய்தார். ஏறத்தாழ 200 ஆண்டுகளாகக் காப்பி வளரும் மலையில், செடியைப் பார்த்துக் கணக்கெடுக்கும் இந்த வழக்கமும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது.

மனித வாழ்விலும் பறிப்பு முடிந்த பருவம் ஒன்று உண்டு. பணி ஓய்வு வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குத் திருமணம் ஆகிவிடுகிறது. பேரன் பேத்திகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிவிடுகின்றனர். அறுபதில் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதையொட்டிச் சதாபிஷேகம் என்று அந்தப் பருவத்துக்குப் படிகளை வகுத்து வைத்திருக்கிறது முன்னோர் மரபு. திருக்கடையூரில் அமிர்தகடேசுவரர் சந்நிதியில் கலச நீர் தலையில் விழும் நாளுக்காக மாதக்கணக்கில் ஏற்பாடுகள் நடக்கின்றன. மண்டபம், பந்தி, புடவை, புகைப்படம் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடப்படுகிறது. அந்தக் கலச நீருக்கு முன்பாக அறுபது ஆண்டு வாழ்வை ஒருமுறை எடுத்துப் பார்த்து, எது காய்த்து ஓய்ந்தது, எது இன்னும் தளிர்க்கும் என்று எண்ணிப் பார்க்க ஒரு மாலைப் பொழுதேனும் ஒதுக்குவோர் மிகச் சிலரே. சாந்தி என்று பெயரிட்ட சடங்கில் சாந்திக்குரிய வேலை மட்டும் விடுபட்டுப் போகிறது.

தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது மேலைநாட்டு நூல்கள் கற்பித்த புதுப் பழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. நாள்தோறும் சந்தியாவந்தனம் செய்பவர் அந்தச் சோதனையை வாயால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். பொருளை நினைக்காமல் சொல்வதால் அது சோதனை என்றே தெரிவதில்லை. மாலை வேளையில் உள்ளங்கை நீரை மந்திரித்துப் பருகும்போது சொல்லப்படும் மந்திரம், மகாநாராயண உபநிஷத்தில் காணப்படுவது. அது முதலில் அக்கினியையும், கோபத்துக்குரிய தேவதையையும் அழைத்து, கோபத்தால் விளைந்த பாவங்களிலிருந்து காக்குமாறு வேண்டுகிறது. அதன்பின் அன்றைய பகலில் செய்த தவறுகளை உறுப்புறுப்பாகப் பிரிக்கிறது: மனத்தால், வாக்கால், கைகளால், கால்களால், வயிற்றால் என்று. காலையில் இதே மந்திரம் சூரியனை நோக்கிச் சொல்லப்படுகிறது; அப்போது இரவில் செய்த தவறுகள் கணக்குக்கு வருகின்றன. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தக் கணக்கும் நிலுவையில் நிற்கக் கூடாது என்பதுபோல் இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது.

சைவ மரபில் இதற்கு இணையாகக் கச்சி ஏகம்பநாதரை நோக்கிப் பட்டினத்தார் பாடிய பாடல் ஒன்று உண்டு. அதிலும் பிழைகள் வகைப்படுத்தப்படுகின்றன. நுட்பமான வேறுபாடு ஒன்று மட்டும் உண்டு. வேத மந்திரம் செய்த பிழைகளைக் கேட்கிறது. பட்டினத்தாரோ படிக்காதது, நினைக்காதது, உருகாதது, ஐந்தெழுத்தை ஓதாதது, கைகூப்பாதது என்று செய்யாமல் விட்டவற்றையே பிழைகளாக வரிசைப்படுத்துகிறார். முதுமையில் செய்யும் பிழைகள் குறைவு. உடலில் வலு இல்லை, சந்தர்ப்பமும் இல்லை. செய்யாமல் விடும் பிழைகளே அதிகம். ஆகவே மூத்தோரின் கணக்கேட்டில் இரண்டு பத்திகளுமே இருந்தாக வேண்டும்.

அந்த மந்திரம் தரும் பகுப்பையே எடுத்துக்கொண்டு அன்றாட வாழ்வைப் பார்க்கலாம். வரிசை மாறினால் குற்றமில்லை. முதியோர் இல்லத்திலும் சரி, கூட்டுக் குடும்பத்திலும் சரி, முதலில் நிற்பது வாக்குதான்.

பெரியவர் கூடத்துக்கு வந்ததும் அதுவரை நடந்த பேச்சு நின்றுபோகிறதா என்பது எளிதான ஒரு சோதனை. நின்றுபோனால் பெரியவர் அதை மரியாதை என்று எண்ணிக்கொள்கிறார். சில வீடுகளில் அது மரியாதையாகவே இருக்கும். பல வீடுகளில் அது களைப்பு. எந்தப் பேச்சும் இறுதியில் பழைய குறை ஒன்றில் போய் முடியும் என்று அனுபவத்தில் கண்டவர்கள், பேச்சையே மாற்றிக்கொள்கின்றனர். மருமகள் அடுக்களைக்குள் போய்விடுகிறாள். மகன் கைபேசியைப் பார்க்கிறான். பேரனுக்குத் திடீரென்று வீட்டுப்பாடம் நினைவுக்கு வருகிறது. இதில் யாரும் வெளிப்படையாகக் கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆனால் பெரியவர் அந்த வீட்டில் தனியாகிவிட்டார். தனிமையில் மனம் இன்னும் கசக்கிறது. கசந்த மனத்திலிருந்து வரும் சொல் இன்னும் கசப்பாக இருக்கிறது. இந்த வட்டம் சுற்றத் தொடங்கிவிட்டால் அதை முறிக்கும் வலிமை வீட்டில் பெரும்பாலும் ஒருவரிடமே இருக்கும். அவர் அந்தப் பெரியவர்தான். இளையோர்க்கு அதற்குரிய நேரமும் இல்லை. பொறுமையும் அவ்வளவாக இல்லை.

ஆகவே ஒரு வாரம் மட்டும் மூன்று வகைப் பேச்சை எண்ணிப் பார்த்தல் நலம். முன்பே சொன்ன குறையை மீண்டும் சொன்ன தடவைகள். எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசிய தடவைகள். யாரும் கேட்காமல் கூறிய அறிவுரைகள். எண்ணிக்கை வியப்பூட்டும். கோயில் பிராகாரத்தில் அமர்ந்து மருமகளைப் பற்றி மற்றொரு மூதாட்டியிடம் சொன்னதும் அந்தக் கணக்கில்தான் சேரும். சுவாமி சந்நிதிக்கு வெளியே சொன்னதால் அதற்கு விலக்கு இல்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில், பட்டினத்தாரின் பத்தியில், சொல்லாமல் விட்ட நல்ல சொற்கள் வரும். காலையில் மருமகள் வைத்த குழம்பு நன்றாக இருந்தது, அதைச் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்குக் களைத்து வந்த மகனிடம், சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, மின்கட்டணத்தைக் கேட்டாயிற்று. இரண்டு பத்திகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கூடத்தில் பேச்சு ஏன் நிற்கிறது என்பது விளங்கும்.

அடுத்து, கைகள். கை என்பது கொடுக்கல் வாங்கல். பணமும் சொத்தும் இங்கே வருகின்றன. பக்தி இதழில் சொத்தைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று சிலர் கருதலாம். முதியோரின் உறக்கத்தைக் கெடுப்பவற்றுள் பெரும்பங்கு இதற்கே உரியது என்பதால் பொருந்தும்.

உயில் எழுதுவதை அமங்கலம் என்று தள்ளிப்போடும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி எழுதியவர் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் உயிலுக்கு வேண்டும். பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் பதிவு செய்தால் பின்னால் வரும் ஐயங்கள் குறையும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். எதிர்ப்புறத்தில் இன்னொரு வகை அவசரம் உண்டு. பாசத்தின் வேகத்தில் இருக்கும் ஒரே வீட்டையும் மகன் பெயருக்கோ மகள் பெயருக்கோ செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதே வீட்டில் விருந்தாளியைப் போல் வாழ்வோர் இருக்கின்றனர். 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இவர்களுக்காகவே அமைந்தது. அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து மாற்றப்பட்டு, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றத்தைச் செல்லாதென அறிவிக்குமாறு தீர்ப்பாயத்தை நாடலாம். தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியரே அந்தத் தீர்ப்பாயத்தின் தலைவர். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருப்பது பெரும் பாதுகாப்பு. எழுதக் கேட்பது பிள்ளையை நம்பாமை ஆகாது. நல்ல பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் எந்த இழப்பும் இல்லை.

கையின் மறுபக்கம் ஈகை. காஞ்சி மகாபெரியவர் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் பிடி அரிசித் திட்டத்தை வலியுறுத்தினார். சமையலுக்கு அரிசி எடுக்கும்போது முதலில் ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டு, அத்துடன் ஒரு சிறு காசையும் சேர்த்து வைப்பது. அவ்வாறு சேர்ந்தது ஏழைகளின் உணவாவது. அதன் சிறப்பு அளவில் இல்லை. நாள் தவறாமல் நிகழ்வதில் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை பெருந்தொகை கொடுத்துக் கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொள்பவரைவிட, ஓய்வூதியத்திலிருந்து நாள்தோறும் ஒரு பிடி எடுத்து வைக்கும் மூதாட்டியின் கணக்கேடு நேராக இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

வயிற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தானாகவே சொல்லிவிடும். ஏகாதசி, பிரதோஷம் என்று உபவாசம் இருப்போர் மாத்திரை உண்பவராயின், குறிப்பாக நீரிழிவுக்கு மருந்து எடுப்பவராயின், மருத்துவரைக் கேட்ட பிறகே பட்டினி இருக்க வேண்டும். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் தினையும் விளைவித்து உண்டவர்கள். இன்று அவற்றைச் சிறுதானியம் என்று நகரத்தார் தேடி வாங்குகின்றனர். அவற்றிலும் மாவுச்சத்து உண்டு. அளவு மீறினால் பயனில்லை.

கால்கள் என்ற தலைப்பில் நடையும் யாத்திரையும் அடங்கும். ஏற்காடு செல்வோர் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 4,000 அடி உயரம் ஏறுகின்றனர். மலையின் உச்சிப் பகுதியில், 5,326 அடி உயரத்தில், சேர்வராயன் குகைக்கோயில் உள்ளது. மலைக்குப் பெயர் தந்த சேர்வராயனும் காவிரியம்மனும் அங்கே குடிகொண்டிருக்கின்றனர். மலையும் நதியும் தெய்வமாக நிற்கும் இடமென்று அதைக் கருதுகின்றனர். குகை காவிரி நதியோடு தொடர்புடையது என்பது அவ்வூரார் நம்பிக்கை. மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் பலவற்றிலிருந்தும் மலையாளி மக்கள் திரண்டு வருகின்றனர். குகை குறுகலானது, தலை குனிந்துதான் உள்ளே செல்ல இயலும். நிமிர்ந்தே பழகியவர்க்குச் சற்றுக் கடினம்.

இத்தகைய யாத்திரைக்குப் புறப்படும் முன் கால்களின் கணக்கை நேர்மையாகப் பார்த்தாக வேண்டும். நாற்பது வயதில் ஏறிய மலையை எழுபத்தைந்திலும் அதே வேகத்தில் ஏற முயல்வது, காய்த்து ஓய்ந்த கிளையிலேயே மீண்டும் காய்ப்பை எதிர்பார்ப்பது போன்றது. வழியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேருமே என்று அஞ்சி, பயணத்தன்று நீர் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவோர் பலர். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அது கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகின்றனர். எந்த நேரத்தில் உண்ணலாம் என்று மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், விடக் கூடாது. வளைவுகளில் குமட்டல் வருவோர் முன் இருக்கையில் அமர்ந்து தொலைவைப் பார்த்தபடி வருவது நலம். வீட்டிலோ, படுக்கையை விட்டு எழும்போது சற்று உட்கார்ந்திருந்து பிறகே நிற்க வேண்டும். சட்டென எழுந்தால் முதுமையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். காசி யாத்திரைக்குப் பணம் சேர்ப்பவர், குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்த ஆகும் சிறு தொகையை முதலில் செலவிடட்டும். விசுவநாதர் காத்திருப்பார்.

எஞ்சியது மனம். மந்திரம் அதையே முதலில் வைத்தது. இங்கே கடைசியில் வந்ததற்குக் காரணம், அதைப் பார்ப்பது கடினம் என்பதே.

காப்பித் தோட்டக்காரர் மிகவும் அஞ்சும் பகை வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வண்டு பட்டையின் இடுக்கில் முட்டையிடுகிறது. புழு தண்டுக்குள் புகுந்து சுரங்கம் போல் குடைகிறது. வெளியே செடி பச்சையாகத்தான் நிற்கும். இலை பழுத்து வாடுவதற்குள் உள்ளே பெரும் அழிவு நேர்ந்திருக்கும். கூர்ந்து பார்ப்பவருக்கு மட்டும் ஓர் அடையாளம் தெரியும்: தண்டைச் சுற்றிப் பட்டையில் வரப்பு வரப்பாகச் சிறு புடைப்புகள். வண்டுகள் பறக்கும் பருவம் ஆண்டில் இரண்டு; ஏப்ரல், மே மாதங்களில் ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. அதற்கு முன்பாகத் தொழிலாளர்கள் வரிசை வரிசையாகச் சென்று ஒவ்வொரு தண்டையும் பார்க்கின்றனர். பாதிக்கப்பட்ட செடி பிடுங்கி எரிக்கப்படுகிறது. நிழல் குறைந்து வெயில் நேராக விழும் தண்டையே அந்த வண்டு விரும்புகிறது என்பதால் நிழல் மரங்களைக் காப்பதும் இந்தப் பணியில் ஒரு பகுதி.

மனத்துக்குள் குடையும் புழுவுக்கு முதுமையில் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: வன்மம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த பாகப்பிரிவினையில் அண்ணன் எடுத்துக்கொண்ட கிணற்றடி நிலம். தங்கையின் திருமணத்தில் சம்பந்தி சொன்ன ஒரு சொல். பதவி உயர்வில் நடந்த ஓர் அநீதி. வெளியே விபூதியும் திருமண்ணும் துலங்கும். நாள் தவறாமல் கோயிலுக்கும் போவார். ஆனால் குறிப்பிட்ட ஒரு பெயரைச் சொன்னதும் முகம் மாறும். அதுவே தண்டில் தெரியும் புடைப்பு. யார் பெயரைக் கேட்டால் தம் முகம் மாறுகிறது என்பதைத் தாமே அறிய இயலாவிட்டால் மனைவியைக் கேட்கலாம், கணவரைக் கேட்கலாம். அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த மனிதர் உயிரோடு இருந்தால் வழி எளிது. எளிது என்றால் கடினமான எளிது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நிலத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும். அண்ணன் இறந்துவிட்டார், அவரோடு பேசாமலே காலம் போய்விட்டது என்ற நிலை இருந்தால் என்ன செய்வது? மரபு அதற்கும் ஓர் இடம் வைத்திருக்கிறது. மகாளய பட்சத்தில் தம் நேர் முன்னோர்க்கு மட்டுமன்றி, காருணிக பித்ருக்கள் என்ற வரிசையில் பெரியப்பன், சிற்றப்பன், உடன்பிறந்தோர், மாமன், குரு, நண்பர் ஆகியோர்க்கும் எள்ளும் நீரும் இறைக்கப்படுகின்றன. அந்த வரிசையில் பகையாளியான அண்ணனின் பெயரும் கோத்திரமும் சொல்லி நீர் விடும்போது, நாற்பது ஆண்டுகளாகச் சொல்லாத பெயரை வாய் சொல்லியாக வேண்டும். அது சிறிய செயலன்று. சாத்திரிகள் அவசரப்படுத்தினாலும் அந்த ஒரு பெயருக்கு நிதானமாகவே நீர் விடலாம்.

இவற்றையெல்லாம் மனத்திலேயே வைத்துக்கொண்டால் மறந்துபோகும். எழுதி வைக்க வேண்டும் என்று சொன்னவர் ஒரு தமிழர். 1887-இல் பத்தமடையில் பிறந்து, மருத்துவம் பயின்று, மலேயாவில் ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றி, பின் எல்லாவற்றையும் துறந்து ரிஷிகேசம் சென்ற சுவாமி சிவானந்தர். 1936-இல் அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் அன்பர்களுக்கு ஆன்மிக நாட்குறிப்பு ஒன்றை வகுத்துக் கொடுத்தார். அதில் தத்துவம் எதுவும் இல்லை. மருத்துவர் நோயாளியைக் கேட்கும் கேள்விகள் போன்றவைதான் இருந்தன. எத்தனை மணிக்கு எழுந்தீர், எத்தனை மணி நேரம் உறங்கினீர், எத்தனை மாலை ஜபம் செய்தீர், எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தீர், பயன் கருதாத தொண்டில் எவ்வளவு நேரம் சென்றது, எத்தனை முறை கோபம் வந்தது, எத்தனை பொய் சொன்னீர், அதற்கு உமக்கு நீரே என்ன தண்டனை விதித்துக்கொண்டீர். நாள்தோறும் இரண்டு மணி நேர மௌனம் என்பது அவர் அறிவுரைகளுள் ஒன்று. பகல் உணவுக்குப்பின் வரும் நேரம் முதியோர்க்கு அதற்கு உகந்தது. வீட்டாருக்கும் அது உகந்தது.

அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இளமையில் இவ்வாறே ஒரு சிறு ஏடு வைத்திருந்தார் என்று தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். 13 நற்பண்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டம். தவறு நேர்ந்த நாளில் ஒரு கரும்புள்ளி. ஒரு வாரத்துக்கு ஒரு பண்பின்மீது மட்டும் கவனம் என்பதால் ஆண்டில் நான்கு சுற்றுகள் முடியும். முதலில் அவருடைய பட்டியலில் 12 பண்புகளே இருந்தன. அகந்தை உடையவர் என்று ஊரார் எண்ணுவதாக நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகே பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. தன் கண்ணுக்குத் தெரியாத கிளையைக் காட்ட இன்னொருவர் வேண்டியிருக்கிறது. உரோமானிய அறிஞர் செனெகா, இரவில் விளக்கை அணைத்த பிறகு அன்றைய நாள் முழுவதையும் தமக்குள் விசாரிப்பதாக எழுதியுள்ளார்; அவருடைய வழக்கத்தை அறிந்த மனைவி அந்நேரம் பேசாமல் இருப்பாராம். அந்த அம்மையாரின் பங்கு அதில் சிறிதன்று.

ஏட்டைத் தொடங்குவோர் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முனைவது வழக்கம். மூன்றாம் நாளே ஏடு அலமாரிக்குப் போய்விடும். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு கிளை போதும். பெரிய எழுத்தில் எழுதக்கூடிய அகலக் கோட்டு நோட்டும், மாலை விளக்கேற்றியபின் பத்து நிமிடமும் இருந்தால் சரி. எழுத இயலாதோர் பேத்தியிடம் சொல்லி எழுதச் செய்யலாம். ஆனால் அவ்வாறு சொல்லும்போது பேத்தியின் அம்மாவைப் பற்றிய பத்தியில் எச்சரிக்கை தேவை.

ஒன்றை வெட்டும்போது அந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்பதையும் முன்பே எண்ணியிருக்க வேண்டும். இதற்குச் சேலம் மாவட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 1929-இல் 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், அக்டோபர் 1 அன்று முதன்முதலாகச் சேலம் மாவட்டத்திலேயே மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஏற்காடும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. மது வரியாக வந்த பெருவருவாய் நின்றது. நின்ற வருவாய்க்கு ஈடு வேண்டுமே என்று 1939-இல் விற்பனை வரியை அவரது அரசு கொண்டுவந்தது. அந்த வரியை அன்று பலர் எதிர்த்தனர். ஆனால் ஒன்றை விடத் துணிந்தவர், விட்ட இடத்தை வெறுமையாக வைக்காமல் மாற்றும் தேடினார் என்பதை அதில் காணலாம்.

வீட்டிலும் இதே கணக்குதான். மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை தொலைக்காட்சித் தொடர்களைக் குறைப்பது என்று ஏட்டில் எழுதுபவர், அந்த இரண்டு மணி நேரத்துக்கு வேறு எதையும் எழுதாவிட்டால் நான்காம் நாள் தொடரே திரும்பி வரும். பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லித் தரலாம். ஊரிலிருக்கும் ஒன்றுவிட்ட தம்பியைத் தொலைபேசியில் அழைக்கலாம். மருமகள் காய் நறுக்கும்போது எதிரே அமர்ந்து பூண்டு உரித்துக் கொடுக்கலாம். அப்போது பேச்சு வந்தால், அன்றைய குழம்பைப் பற்றிப் பேசலாம்.